விலாசம்

சென்ற மாதம் ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தை நாங்கள் கிளென் வேவர்லி ஸ்ரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரயில் அட்டையில் எப்படிக் காசு போடுவது, பிளின்டர்ஸ் வீதிக்குப் போகும் ரயில் எந்த மேடையில் நிற்கும் என்பதையெல்லாம் காட்டிக் கொடுப்பதற்காக. ஸ்ரேசன் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் போர்வையால் தன்னைச் சுற்றிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் பைகள். மெதுவாக யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒருவரும் இல்லை.

அந்தக் குடும்பத்தின் பத்து வயது மகள் கேட்டாள். "அன்ரி, இவர் ஆரோட கதைக்கிறார்? இவருக்கு வீடு இல்லையோ?"

"அவருக்குச் சுகமில்லை பிள்ளை, வா போவம்" என்று சொல்லிப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டோம். அன்று இரவு எங்கள் இருவருக்கும் நித்திரை வரவில்லை. 1998ஆம் ஆண்டு வேறொருவர் விசயத்திலும் நாங்கள் செய்தது கிட்டத்தட்ட இதுதான். அதை இதுவரை எங்கள் பிள்ளைகளுக்குக்கூட முழுவதும் சொன்னதில்லை. புதிதாக வந்திருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அப்போது நாங்கள் ஸ்பிரிங்வேல் றோட்டுக்குக் கிட்ட ஒரு மூன்று அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்களுடைய இரண்டு பிள்ளைகள், ஒரு மாமா குடும்பம், இவர்களோடு சின்ன அறையில் ஒரு தம்பி. வடமராட்சிப் பிள்ளை. வயது இருபத்துமூன்று. மிகவும் அமைதியான சுபாவம். சமைத்த சட்டியை உடனே கழுவி வைப்பார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்.

தம்பி 1997 கடைசியில் வந்தவர். "அவசரப்படாதை, ஆறுதலாக அசைலம் அடிக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பத்தைப் பிந்திப் போட்டுவிட்டார். அந்த வருடம் யூலை மாதத்தில்தான் 45 நாள் விதி வந்திருந்தது. நாட்டுக்குள் வந்து 45 நாட்களுக்குள் விண்ணப்பிக்காதவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மெடிகெயரும் இல்லை. (அந்த விதி 2009ல்தான் நீக்கப்பட்டது.) ஆகவே நாங்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு தம்பி மட்டும் வீட்டில் இருப்பார். காலை தொடக்கம் மாலை வரை அந்தச் சின்ன அறையும் அவரும்தான்.

முதலில் நித்திரை போனது. இரவு இரண்டு மணிக்குக் குளிக்கும் சத்தம் கேட்கும். பிறகு யன்னல் கண்ணாடியில் பேப்பர் ஒட்டினார். பிறகு ஒருநாள் குசினிக்குள் வந்து, காதோடு காதாகச் சொல்வதுபோல், "அக்கா, ரெலிபோனில எங்கட கதையை ஆரோ கேட்கினம். மெதுவாக் கதையுங்கோ" என்றார்.

இந்த இடத்தில் வெள்ளைக்காரக் குடும்பமாக இருந்தால் உடனே விழித்திருக்கும். நாங்கள் விழிக்கவில்லை. ஏன் தெரியுமா? ரெலிபோனை யாரோ கேட்கிறார்கள் என்று பயப்படுவது எங்களுக்குப் புதினமான விசயமா? சுற்றிவளைப்பில் வரிசையாக நிற்கவைத்து, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் முன்னால் நடத்திக்கொண்டு போன ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். தம்பியையும் இரண்டு தரம் அப்படிக் கொண்டுபோய் வைத்திருந்தவர்கள். "பாவம், பழைய பயம் இன்னும் போகவில்லை" என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தோம். நோயும் அனுபவமும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் எது எதுவென்று பிரித்தறிய எங்களுக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் எங்கள் சனங்களின் மனங்களுக்குச் செய்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1998ல்தான். அப்படி ஒரு நூல் இருப்பதே எங்களுக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது.

ஓர் இரவு பிள்ளைகளின் அறை வாசலில் யாரோ நிற்பது தெரிந்து எழும்பிப் போனோம். தம்பி நின்றார். கையில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. "பிள்ளையளைப் பிடிக்க வருகினம். நீங்கள் படுங்கோ அண்ணை, நான் காவல் நிக்கிறன்" என்றார். மூன்று இரவுகளாக அப்படித்தான் நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் எங்கள் பிள்ளைகளைக் காப்பதற்காக நின்றவர். நாங்கள் அவரைக் கண்டுதான் பயந்தோம்.

அடுத்த நாள் மாமாவும் நாங்களும் கதைத்தோம். வைத்தியரிடம் காட்டுவது என்றால் மெடிகெயர் இல்லை. அம்புலன்ஸைக் கூப்பிட்டால் பொலிஸும் வரும், பொலிஸ் வந்தால் அவருடைய விசா விசயம் என்னாகும் என்ற பயம். அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "விசர் பிடிச்சவனை வைச்சிருக்கினம்" என்று சனம் கதைக்கும், நாளைக்கு எங்கள் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் விளையாடுவார்களோ என்ற யோசனை. கடைசியில், "தம்பி, வேற இடம் பாருங்கோ" என்று சொன்னோம். நூறு டொலரும் ஒரு பை உடுப்பும் ஒரு சோற்றுப் பார்சலும் கொடுத்து டண்டினோங்கில் அவருடைய கூட்டாளி வீட்டில் இறக்கிவிட்டோம். காரால் இறங்கும்போது அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "அண்ணை, நான் ஏதும் பிழை விட்டனானோ?"

கூட்டாளி பதினொரு நாட்கள் வைத்திருந்தார். அதற்குப் பிறகு தம்பி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

கடிதங்கள் வரத் தொடங்கின. தம்பியின் தாயாருக்கு எங்களுடைய விலாசம் மட்டும்தான் தெரியும். நீல நிற வான்கடிதம், மெல்லிய எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. உடைக்க மனம் வரவில்லை. சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தோம். ஐந்தாவது கடிதம் எங்கள் பெயருக்கே வந்தது. தன்னுடைய பிள்ளையைக் கூடப்பிறந்தவர்கள் போலப் பார்த்துக்கொள்வதற்கு எங்களுக்குக் கோடி புண்ணியம் என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

பதில் போட்டோம். "தம்பி சுகம். வேலை கூட என்பதால் எழுத நேரமில்லை" என்று.

இந்தப் பொய்யை எழுதிய பிறகுதான் தேடத் தொடங்கினோம். சென் கில்டாவில் எங்கள் ஆட்கள் போல ஒருவரைக் கண்டதாக டாக்ஸி ஓட்டும் ஒருவர் சொன்னார். அங்கே கிறே வீதியில் சேக்ரட் ஹார்ட் மிஷன் என்று ஒன்று இருக்கிறது. 1982ல் ஏர்ணி ஸ்மித் என்ற பாதிரியார் தன் வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியதில் வளர்ந்த இடம். பெரிய சாப்பாட்டு மண்டபம். பெயர் கேட்பதில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்பதில்லை. வரிசையில் நின்று தட்டை வாங்கிக்கொண்டு மேசையில் இருக்கலாம். எங்களுக்குத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி ஞாபகம் வந்தது. அன்னதானக் கந்தன் என்றல்லவா அந்த முருகனுக்குப் பெயர். வீடு வாசலை விட்டவர்கள், வாய்க்குள் முணுமுணுத்துத் திரிபவர்கள், சடைமுடியர், எல்லோரும் அங்குள்ள மடங்களில் பந்தியில் இருந்து சாப்பிடுவார்கள். சின்ன வயதில் நாங்களும் அவர்கள் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறோம். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியை ஊர் விசரன் என்றது, பிறகு அதே ஊர் கும்பிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளாகிய நாங்கள்தான் கிளென் வேவர்லிக்கு வந்ததும் கதவைச் சாத்தியவர்கள்.

மூன்றாம் முறை போனபோது தம்பியைக் கண்டோம். யூலை மாதக் குளிர். இரண்டு கோட் போட்டிருந்தார், காலில் வேறு வேறு சப்பாத்து. எங்களை மட்டுக்கட்டச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு கேட்டார், "பிள்ளையள் சுகமோ?" கடிதங்களைக் கொடுத்தோம். பிரிக்காமல் உள் கோட்டுக்குள் வைத்தார்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே வேலை செய்த ஒரு பெண்மணி பல கிழமைகள் அவரோடு சும்மா இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்துத்தான் ஒரு வைத்தியரைக் காணச் சம்மதிக்க வைத்தார். பிறகு ஆஸ்பத்திரி, மருந்து, சுகம். வெளியே விட்டபோது போவதற்கு இடம் இல்லை. மலிவான அறை ஒன்று, சண்டையும் சத்தமும் நிறைந்தது. மருந்து நின்றுபோனது. மறுபடி தெரு, மறுபடி ஆஸ்பத்திரி. இப்படி நான்கு வருடங்களுக்கு மேல் போனது.

இந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்பதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டோம். மருந்து பலருக்கு நல்ல நித்திரையைக் கொடுக்கும். வீட்டில் அது வரம். தெருவில் நித்திரையாகிவிட்டால் பையும் சப்பாத்தும் போய்விடும், அடியும் விழும். ஆகவே விழித்திருப்பதற்காக மருந்தை விடுகிறார்கள். நித்திரை இல்லாமற் போகக் குரல்கள் கூடுகின்றன. அடுத்த ஊசிக்கு வரச்சொல்லிக் கிளினிக் கடிதம் போடும். எந்த விலாசத்துக்கு? கிளென் வேவர்லி உட்படப் பெரும்பாலான பாதைகளிலும் 2016 யனவரி முதல் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ரயில் ஓடுகிறது. களியாட்டத்துக்குப் போகும் இளைஞர்களுக்காக என்று நினைத்திருந்தோம். படுக்க இடமில்லாதவர்களுக்கு அது நகரும் கூரை. கடைசி ஸ்ரேசனில் எழும்பி, அடுத்த ரயிலில் திரும்பவும் ஏறுவார்கள்.

மெல்பேர்ணில் வீடற்றவர்களுக்கான விடுதிகளிலும் அறைகளிலும் தங்கியிருந்தவர்களை ஆராய்ந்து ஹெலன் ஹெர்மன், பற்றிக் மக்கோரி முதலிய மருத்துவர்கள் 1989ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு அந்த நேரத்திலேயே மனநோய் இருந்தது தெரியவந்தது. அதைப் படித்தால் "நோய் வந்ததால் தெருவுக்கு வந்தார்கள்" என்றுதான் தோன்றும். 2011ல் கை ஜோன்சன், கிறிஸ் சேம்பர்லேன் என்ற இரு ஆய்வாளர்கள், இதே நகரில் வீடின்றி உதவி தேடிவந்த 4,291 பேரின் விபரங்களைப் பார்த்து எழுதினார்கள். 31 வீதமானவர்களுக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. அதில் 15 வீதத்தினருக்கு வீட்டை இழக்க முன்னமே இருந்தது. 16 வீதத்தினருக்கு வீட்டை இழந்த பிறகுதான் வந்தது. அதாவது தெரு நோயாளியை வாங்கிக்கொள்வது மட்டுமல்ல, நோயை உண்டாக்கியும் விடுகிறது. எங்கள் தம்பி முதலாவது கணக்கில் சேர்பவர். ஆனால் பதினொரு நாளில் அவரை இரண்டாவது வழியிலும் தள்ளிவிட்டவர்கள் நாங்கள்.

இந்த நாட்டில் முன்பு இப்படியானவர்களைப் பெரிய மதில்களுக்குள் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அங்கொடை எப்படியோ, மெல்பேர்ண் சனத்துக்குக் கியூ, பண்டூரா அப்படி. கியூவில் இருந்த வில்ஸ்மியர் 1988ல் மூடப்பட்டது. பண்டூராவில் இருந்த லறண்டல் 1999ல். ஆட்களை அடைத்து வைக்காமல் ஊரோடு வாழவைத்துப் பராமரிப்பது என்பது நல்ல எண்ணம்தான். 1993ல் மனித உரிமை ஆணையாளர் பிரையன் பேர்டிக்கின் தன் அறிக்கையில், ஆஸ்பத்திரிகளை மூடி மிச்சம் பிடித்த பணம் வெளியே வந்தவர்களுக்கான சேவைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வில்ஸ்மியர் இப்போது வசதியான குடியிருப்பு. சென் கில்டாவில் ஏழைகளுக்கு அறை கொடுத்துவந்த கற்விக் ஹோட்டல் 2017ல் மூடப்பட்டு, அடுத்த வருடம் ரீ.வி. நிகழ்ச்சி ஒன்றுக்காக ஆடம்பர வீடுகளாகியது. நாங்களும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தோம், குசினி எவ்வளவு வடிவு என்று கதைத்தோம்.

ஆங்கிலத்தில் அசைலம் என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அது விசா. அவர்களுடைய பழைய பேச்சில் அது விசர் ஆஸ்பத்திரி. தமிழில் அடைக்கலம் என்கிறோம். சென்னையில் 1993ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள், மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களுக்காகத் தி பான்யன் என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவர்களுடைய இல்லத்துக்கும் அடைக்கலம் என்றுதான் பெயர் வைத்தார்கள். சுகமானவர்களின் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து வீடு சேர்த்தார்கள். வீடு ஏற்காதவர்களுக்கு, 2015 தொடக்கம், ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடியிருத்தி உதவிக்கு ஆட்களையும் வைக்கிறார்கள். அதே தமிழ்நாட்டில் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, குடும்பத்தவர் கொண்டுவந்து விட்ட நோயாளிகள் 28 பேர் கட்டிய சங்கிலியோடு தீயில் இறந்தார்கள். அவர்களுக்கும் வீடுகளில் கடிதம் எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள்.

முதலில் சுகமாகு, பிறகு வீடு தருகிறோம் என்பதுதான் பழைய முறை. முதலில் வீட்டைக் கொடு, மருந்தும் வேலையும் அந்த வீட்டுக்குள் இருந்து வரட்டும் என்பது மற்ற முறை. பின்லாந்து 2008 முதல் அரச திட்டமாகவே இதைச் செய்து நீண்டகால வீடின்மையை வெகுவாகக் குறைத்தது. விக்ரோரியாவில் மனநல அரச ஆணைக்குழுவின் 2021 மார்ச்சில் வெளியான இறுதி அறிக்கையிலும், மனநோயுள்ளவர்களுக்கு 2,000 வீடுகள் ஒதுக்கவேண்டும் என்று இருக்கிறது. தம்பி விசயத்தில் நாங்கள் கண்ணால் கண்டது இது: 2003ல் அவருக்கு விசா கிடைத்து, ஓர் அரசாங்க பிளாற்றும் கிடைத்தது. அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரேயொரு தடவைதான். மருந்து அதே மருந்து. பூட்டுவதற்குக் கதவு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக வந்திருப்பவர்களே, இது தெருவில் இருக்கும் வெள்ளைக்காரர்களின் கதை என்று எண்ணவேண்டாம். 2021 குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீடற்றவர்கள் 122,494 பேர், விக்ரோரியாவில் மட்டும் 30,660. வெளியிலும் கூடாரங்களிலும் படுப்பவர்கள் அந்த மொத்தத்தில் 7,636 பேர்தான். மிகவும் நெருக்கமான வீடுகளில் அடைபட்டு இருப்பவர்கள் 47,895 பேர். இன்னும் நாலு படுக்கை அறையாவது வேண்டும் என்கிற அளவுக்கு ஆட்கள் நிறைந்த வீட்டில் இருந்தால் அரசாங்கக் கணக்கில் நீங்களும் வீடற்றவர்தான். எங்களில் எத்தனை பேர் அப்படித் தொடங்கினோம்! இன்னொன்று. சுவீடனில் 13 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2016ல் வெளிவந்த ஆய்வில், அதே பிராந்தியங்களிலிருந்து சாதாரணமாகக் குடிபெயர்ந்தவர்களைவிட அகதிகளாக வந்தவர்களுக்கு இந்த வகைக் கடும் மனநோய் வரும் வாய்ப்பு 66 வீதம் கூடுதலாக இருந்தது. அகதிகளில் மிகப் பெரும்பாலானோருக்கு அது வருவதேயில்லை. ஆனாலும் வரக்கூடியது என்று தெரிந்திருந்தால் நாங்கள் யன்னலில் பேப்பர் ஒட்டிய அன்றே விழித்திருப்போம்.

ஆகவே ஒரு பிள்ளை பல நாட்களாக நித்திரை கொள்ளாமல், ஆட்களை விட்டு ஒதுங்கி, இல்லாத குரலுக்குப் பதில் சொன்னால், அது செய்வினையோ சோம்பலோ என்று வாதாடிக்கொண்டு இராமல் டொக்டரிடம் கொண்டுபோங்கள். முதல் மாதங்களிலேயே வைத்தியம் தொடங்கினால் பலன் மிகவும் கூட. இளம் வயதினருக்கென்றே மக்கோரி 1992ல் மெல்பேர்ணில் தொடங்கிய எப்பிக் என்ற சேவை அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். விசா என்ன நிலையில் இருக்கிறது என்று பயப்படவேண்டாம். விக்ரோரியாவில் அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு மெடிகெயர் இல்லாவிட்டாலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை உண்டு. சித்திரவதையையும் போரையும் கண்டு வந்தவர்களுக்கென 1987 முதல் பவுண்டேசன் ஹவுஸ் இருக்கிறது, காசு கேட்பதில்லை. இரவு தங்க இடமில்லை என்றால் 1800 825 955. மனம் தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் 13 11 14. ஆங்கிலம் வராவிட்டால் முதலில் 131 450 எடுத்துத் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைத்து விடுவார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 000.

வைத்திருக்க முடியாத நிலையும் வரலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் தாங்க எல்லோராலும் முடியாது. அதற்காக உங்களைக் குற்றம் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் எங்கே போகிறார் என்று தெரியாமல் மட்டும் அனுப்பாதீர்கள்.

தம்பியின் தாயார் 2006ல் ஊரில் காலமானார். எங்கள் பொய் கடைசிவரை அவருக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியும். நாங்களே சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா நிம்மதியா இருந்திருப்பா" என்றார். மன்னித்தாரோ என்று நாங்கள் கேட்கவில்லை.

அவருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிளாற் இருந்தும் தன் விலாசத்தை இன்னும் மாற்றவில்லை. எல்லாக் கடிதங்களும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன. "இடம் எப்ப மாறும் எண்டு தெரியாது அக்கா, இது இருக்கட்டும்" என்கிறார். சனிக்கிழமைகளில் ரயில் எடுத்துக் கடைசி ஸ்ரேசனுக்கு வந்து, நடந்து வருவார். எவ்வளவு கூப்பிட்டாலும் உள்ளே வருவதில்லை. வாசற்படியில் இருப்பார்.

போன சனிக்கிழமை இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று கிளினிக்கிலிருந்து, ஊசிக்கு வரச்சொல்லி. மற்றது கரண்ட் பில். இரண்டையும் படியில் இருந்தபடியே வாசித்தார். தேத்தண்ணி குடித்தார். கோப்பையைத் தோட்டத்துக் குழாயில் கழுவி யன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாலே முக்கால் ரயிலைப் பிடிக்கப் போனார்.